கடலும் நீரும் உப்பும்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன்களின் மேல் கொட்டப்படும் ஐஸும், வடசென்னை அனல்மின் நிலையத்தில் சுழலியை இயக்கும் நீராவியும் ஒரே மூலக்கூறின் இரு நிலைகளே. நிலை மாறும்போது மூலக்கூறுகளுக்கு இடையிலான நெருக்கமும் அசைவும் மாறுகின்றனவேயன்றி, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கொண்ட பிணைப்பு மாறுவதில்லை. ஆனால் நீரில் வேறொரு பொருள் கரைந்த பின்பும் நீர் நீராகவே இருக்கிறதா? உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலம் உயிரோடு எவ்வாறு பொருந்தியுள்ளது என்ற சைவ சித்தாந்தத்தின் கேள்வியும் இதுவே.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞான போதம், ஏழாம் சூத்திரத்தை விளக்குமிடத்தில் கடல், நீர், உப்பு என்னும் மூன்றை எடுத்துக்காட்டுகிறது. அங்கே கடல் என்பது நீருக்கு இடங்கொடுக்கும் வெளி. அது இறைவனுக்கும், நீர் உயிருக்கும், உப்பு மலத்துக்கும் உவமையாகின்றன. உப்பு நீரைப் பற்றுமேயன்றி வெளியைப் பற்றாது என்பதால், அறியாமை உயிரைச் சாருமேயன்றி இறைவனைச் சாராது என்பது கருத்து.

வேதியியல் இவ்வுவமைக்கு எதிராக நிற்கவில்லை. உப்பு கரையும்போது சோடியமும் குளோரைடும் அயனிகளாக, அதாவது மின்னேற்றம் பெற்ற துகள்களாகப் பிரிகின்றன. நீர் மூலக்கூறுகள் அவற்றைச் சூழ்ந்துகொண்டாலும் சிதைவதில்லை. ஆகவே கடல்நீர் கலவையே தவிரச் சேர்மம் அன்று. அதனால்தான் எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் 2010இல் இயங்கத் தொடங்கிய ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீரைக் கடலிலிருந்து பிரித்தெடுக்கும் திறனோடு அமைய முடிந்தது. நுண்சவ்வு ஒன்றின் இருபுறமும் நன்னீரும் உப்புநீரும் இருந்தால், நன்னீர் தானாகவே உப்பின் பக்கம் செல்லும். அதைத் திருப்பி வரச்செய்ய வேண்டுமானால், கடல்நீரைப் பொறுத்தவரை வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 27 மடங்கை விஞ்சிய அழுத்தம் வெளியிலிருந்து தரப்பட வேண்டும். உயிர் தன் முயற்சியால் மட்டும் மலத்தினின்று நீங்காது, திருவருள் துணைவேண்டும் என்ற கொள்கைக்கு இதைவிட நெருங்கிய விளக்கம் கிடைப்பது அரிது. பிரிக்கப்பட்ட உப்பும் அழிவதில்லை. செறிந்த உவர்நீராக அது கடலுக்கே திரும்புகிறது. வீடுபேற்றிலும் ஆணவத்தின் ஆற்றல் அடங்குமேயன்றி ஆணவம் என்னும் பொருள் இல்லாது போகாது என்றே சித்தாந்திகளும் கூறுவர்.

கடினமான இடம் அம்மோனியா. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அது கசிந்து, மூச்சுத்திணறலோடு மக்கள் தெருவுக்கு ஓடிவந்தபோது, கடலில் கரைந்த அம்மோனியா உப்பைப் போல் நீரோடு வெறுமனே கலந்து நிற்கவில்லை. அதன் ஒரு பகுதி நீர் மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பறித்து அம்மோனியமாக மாற, அதை இழந்த நீர் மூலக்கூறு ஹைட்ராக்சைடாயிற்று. பற்றியது பற்றப்பட்டதையே மாற்றிவிடும் இந்நிலையை உப்பு உவமை தாங்காது. எனினும் இது மீள்வினை; அம்மோனியா வெளியேற வெளியேற ஹைட்ராக்சைடு இழந்ததைத் திரும்பப் பெற்று மீண்டும் நீராகிறது. ஆகவே மலத்தால் உயிரின் இயல்பு மறைக்கப்படுமேயன்றி அழியாது என்ற சித்தாந்த முடிவு இங்கும் நிற்கிறது என்றே கொள்ளலாம். ஆனால் கலவைக்குச் சொன்ன காரணத்தால் அன்று, மீளும் தன்மை என்ற வேறொரு காரணத்தால்.