புனலூர்த் தொங்குபாலமும் ஒடுக்கம் என்னும் கருத்தும்

கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் கல்லடையாற்றங்கரையில் அமைந்த புனலூரில், 1877இல் கட்டி முடிக்கப்பட்டு 1880இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட தொங்குபாலம் ஒன்று, இன்று வண்டிகள் எவற்றையும் சுமக்காமல் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக நிற்கிறது. திருவிதாங்கூர் அரசுக்காக ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் அமைத்த, ஏறத்தாழ 400 அடி நீளமுள்ள இதனை மலையாளத்தில் தூக்குப்பாலம் என்பர். தமிழிலோ அச்சொல் பாம்பனில் கப்பலுக்கு வழிவிடும் பாலத்துக்கு உரியதாகிவிட்டமையால், தொங்குபாலம் என்பதே இங்குப் பொருந்தும். அருகில் புதிய பாலம் எழுந்தபின் இதன் பயன் நீங்கியது. சீரமைப்பின்போது இதன் நடைபலகைகளும் தம்பக மரத்தால் புதிதாக மாற்றப்பட்டன. உறுப்பும் மாறிப் பயனும் நீங்கிய பொருளை அதே பொருள் என்று எவ்வாறு சொல்வது என்னும் பழைய தத்துவ வினாவுக்கு, இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

உறுப்புகளின் வேறாக முழுமை என ஒன்று உண்டு என்றும், அது தன் உறுப்புகளோடு பிரிக்க முடியாதபடி இணைந்திருக்கிறது என்றும் வைசேடிகத் தத்துவ மரபினர் கொண்டனர். அவ்விணைப்பை வடமொழியார் சமவாயம் என, மணிமேகலையின் 27ஆம் காதை அதனைக் கூட்டம் என்று தமிழாக்குகிறது. இக்கொள்கையைக் கண்டிப்பாகப் பின்பற்றினால் ஒரு பலகை மாறியதும் பழைய முழுமை அழிந்து புதியதொரு முழுமை தோன்றிவிட்டதாகக் கொள்ள வேண்டியிருக்கும். ஆகவே 1877இன் பாலம் முதற்பலகை பெயர்க்கப்பட்ட அன்றே மறைந்தது என்ற முடிவுக்கு வர நேரும். மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் தேரை எடுத்துக்காட்டி விளக்கிய பௌத்த மரபோ, முழுமை என்பது வழக்குக்காக இடப்பட்ட பெயரே என்று சொல்லி இச்சிக்கலை எளிதில் கடந்துவிடுகிறது. கடப்பது எளிதுதான்; ஆயினும் எதற்காக அந்தப் பெயரை மட்டும் விடாமல் காக்கிறார்கள் என்பதற்கு அங்கு விடை இல்லை.

பயனைப் பற்றிய வினா இதனினும் கூர்மையானது. செயல் விளைவிக்கும் ஆற்றல் உள்ளதே உள்பொருள் என்றார் பௌத்த அளவையியலார் தருமகீர்த்தி. இந்த ஆற்றலை வடமொழியில் அர்த்தக்கிரியை என்பர். இவ்வளவுகோலின்படி வண்டி எதனையும் அக்கரை சேர்க்காத பாலம் இன்மைக்கு அருகில் வந்துவிடுகிறது என்று தோன்றலாம். ஆனால் தொங்குபாலத்தின் அமைப்பு அம்முடிவை மறுக்கிறது. பலகைத்தளம் தன்னைத் தானே தாங்குவதில்லை. அதன் பாரம் தொங்குகம்பிகள் வழியாக இரும்புச் சங்கிலிகளுக்கும், சங்கிலிகளின் இழுவிசை கோபுரங்களைக் கடந்து கரையில் பிணித்த முனைகளுக்கும் சென்று சேர்கிறது. ஒருவரும் ஏறாத நள்ளிரவிலும் சங்கிலி இழுக்கப்பட்டே இருக்கிறது. வெயிலில் சற்று நீண்டும் குளிரில் சற்றுக் குறுகியும் தன் பாரத்தைச் சுமக்கும் அதன் வேலை ஒரு நொடியும் நிற்கவில்லை. எனவே நீங்கியது பாலத்தின் செயலன்று, அச்செயலால் பயனடைந்தவர்களே ஆவர்.

இந்த வேறுபாட்டுக்குச் சைவ சித்தாந்தம் பொருத்தமான சொல் ஒன்றைத் தருகிறது. இல்லாதது தோன்றாது, உள்ளது முற்றாக அழியாது என்னும் சற்காரியவாதத்தின்படி, அழிவு என்று கருதப்படுவது உண்மையில் ஒடுக்கம், அதாவது வெளிப்பட்டிருந்தது நுண்ணிலைக்குத் திரும்புதல். உடல் முதலிய கருவிகள் சேராத கேவல நிலையிலும் உயிரின் அறிவு, விருப்பம், செயல் ஆகிய ஆற்றல்கள் அற்றுப்போவதில்லை என்பது அதன் கோட்பாடு. பாலத்துக்கு உயிரில்லை, உருவம் நிலைத்துப் பயன் மட்டும் ஒடுங்கிய இந்நிலைக்கு உவமை முழுதும் ஒத்துவரவும் இல்லை. இருப்பினும் பயனறுதலையும் பயன் ஒடுங்குதலையும் ஒன்றெனக் கொள்ளக் கூடாது என்பதை அது காட்டுகிறது.

கோயிற்பணி மரபில் இதற்கு அண்மையான ஒரு வழக்கம் உண்டு. திருப்பணி நடக்கும் காலத்தில் கருவறைத் தெய்வத்தின் ஆற்றலைக் குடநீரில் இறக்கி, இளங்கோயில் எனப்படும் தற்காலிகக் கோயிலில் எழுந்தருளச் செய்வர். பணி முடிந்தபின் பழைய இடத்துக்கே மீட்பர். கல் மாறினும் சுதை மாறினும் வழிபாடு அறாமையால் கோயில் அதுவேயாகிறது. புனலூரில் அக்கரை சேர்த்தல் என்னும் வினை புதிய பாலத்துக்குப் பெயர்ந்தது. பழைய பாலம் செப்பனிடப்பட்ட பிறகும் அது திரும்பவில்லை. தெய்வம் மீளாத இளங்கோயில் என்று அந்தப் புதிய பாலத்தைச் சொல்லலாம், சற்றே குறும்பான உவமையாயினும்.

அக்கரை சேர்க்கும் இவ்வினையும் என்றும் ஒரே தன்மையுடையதாக இருந்ததில்லை. பாலம் திறக்கப்பட்டபோது செங்கோட்டை திருவிதாங்கூருக்கு உட்பட்டது. இப்பாலத்தைக் கடந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாக அங்குச் செல்லும் பாதை ஒரே அரசின் உள்வழியாகவே இருந்தது. 1956 நவம்பர் 1 முதல் செங்கோட்டை தமிழகத்தின் பக்கம் சேர, அதே பாதை இரு மாநிலங்களுக்கு இடைப்பட்டதாயிற்று. சங்கிலியின் ஒரு கண்ணிகூட அசையாமலே பாலம் எதை எதனோடு இணைக்கிறது என்பது மாறிவிட்டது.