பார்த்ததற்கு என்ன பாக்கி?

சென்னையிலிருந்து தெற்கே போகும் பஸ்ஸில் உங்களுக்கு ஜன்னலோர சீட் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். (பண்டிகை நாளாக இருந்தால் அதுவே பூர்வஜென்மப் புண்ணியம்.) திண்டிவனம் தாண்டியாயிற்று. விழுப்புரம் வர இன்னும் சுமார் 40 கிலோமீட்டர். முக்கால் மணி நேரப் பயணம். அந்த முக்கால் மணி நேரத்தில் உங்கள் கண்ணில் அதிகம் படுகிற பூ எது?

அரளி.

சாலையின் நடுவே, இளஞ்சிவப்பாக, வெள்ளையாக, கிலோமீட்டர் கணக்கில். சித்திரையில் போனாலும் அரளி, ஐப்பசியில் போனாலும் அரளி. காரணம் இருக்கிறது. தண்ணீர் அதிகம் கேட்காது. விஷச்செடி என்பதால் ஆடு, மாடு வாய் வைக்காது. எதிரே வருகிற வண்டியின் ஹெட்லைட் நம் கண்ணில் அடிக்காமல் மறைக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த ரோட்டில் கார் ஓட்டியவர்களைக் கேளுங்கள், அரளியின் அருமையைச் சொல்வார்கள். எனக்கு அரளி மேல் கோபமில்லை. ஆனால், இவ்வளவு நீளத்துக்குப் பூத்திருக்கும் அந்தப் பூவை நின்று பார்க்க ஒரு இடம் கிடையாது. நின்றால் பின்னால் வரும் லாரி நம்மைப் பார்த்துக்கொள்ளும்.

பூ பார்ப்பதற்கென்றே மெனக்கெட்டுப் பயணம் போகும் நாடுகள் இருக்கின்றன. ஜப்பானில் செர்ரி எந்தத் தேதியில் பூக்கும் என்று, நம் ஊரில் மழை சொல்வதுபோல, முன்கூட்டியே கணித்துச் சொல்கிறார்கள். நமக்கு அந்தப் பழக்கம் கம்மி. பூ என்றால் தலைக்கு, சாமிக்கு, கடைசியில் பாடைக்கு. முழம் போட்டு வாங்குவோம். செடியில் இருக்கிற பூவைச் சும்மா நின்று பார்த்தால், 'வேற வேலை இல்லியா?' என்பார்கள்.

ஆனால் ஹைவேயை விட்டு ஒரு கிலோமீட்டர் உள்ளே இறங்கிப் பாருங்கள். திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கோ மரக்காணத்துக்கோ பிரிகிற ரோடுகளில் காலண்டர் இல்லாமலே மாதம் சொல்லிவிடலாம். பங்குனியில் புங்கமரத்தடியில் பொரி இறைத்த மாதிரி பூ கொட்டிக் கிடக்கும். சித்திரையில் வேப்பம்பூ. அதன் வால் பிடித்து சரக்கொன்றை, இலையே தெரியாமல் மஞ்சள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலியோரம் செங்காந்தள். நம்முடைய மாநில மலர் அது. ஊரில் அதற்குக் கண்வலிக் கிழங்கு என்று பெயர். கிழங்கு விஷம் என்பதால் குழந்தைகளைக் கிட்டே விடமாட்டார்கள். மார்கழியில் ஏரியில் அல்லி, வாசலில் சாண உருண்டை மேல் பூசணிப்பூ.

இவ்வளவுதான் விஷயம் என்றால் டூரிஸம் கட்டுரையாக இங்கேயே முடித்துவிடலாம். என் சந்தேகம் வேறு. இந்தப் பக்கத்தில் பூக்கிற பூக்களில் பெரும்பகுதி மரத்திலோ வேலியிலோ இல்லை. வயலில் இருக்கிறது. அதாவது யாரோ ஒருவருடைய கடனில், யாரோ ஒருவருடைய தூக்கம் கெட்ட ராத்திரியில் பூத்திருக்கிறது. அதைப் போகிற போக்கில் நாம் ரசிக்கலாமா?

'விவசாயி வட்டி கட்ட முடியாம முழிக்கிறான், உனக்குப் பூ கேக்குதா?' என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. 'அட போப்பா, பாக்கறதுக்குக் காசா பணமா? அழகு எல்லாருக்கும் பொது' என்கிற நண்பர்களும் உண்டு. நான் படித்தது பி.காம். அதில் மண்டையில் தங்கிய ஒரே பாடம், ஒரு பக்கம் வரவு எழுதினால் எதிர்ப்பக்கம் ஒரு பற்று இருந்தே ஆக வேண்டும் என்பது. சும்மா கிடைத்தது என்று யாராவது சொன்னால், எங்கேயோ ஒரு பதிவு விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

செஞ்சி ரோட்டில் ஓர் ஆவணி மாதக் காலையில் ஒரு கடலைக் கொல்லைப் பக்கம் வண்டியை நிறுத்தினேன். நாம் நிலக்கடலை என்பதை அங்கே மல்லாட்டை என்பார்கள். 'மணிலாக் கொட்டை' தேய்ந்து தேய்ந்து அப்படி ஆனது. திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. 'டி.எம்.வி.' என்று ஆரம்பிக்கும் கடலை, எள் ரகங்களின் பெயரில் இருப்பது திண்டிவனம்தான். அப்பேர்ப்பட்ட கடலையின் பூவை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? சின்ன மஞ்சள் பூ. விடியும்போது மலர்ந்து மதியத்துக்குள் வாடிவிடும். குத்துக்கால் போட்டு உட்கார்ந்தால்தான் ஒழுங்காகத் தெரியும்.

உட்கார்ந்தேன். வரப்பில் ஒரு பெரியம்மா வந்தார்.

"இன்னா தம்பி, வண்டி ரிப்பேரா?"

வண்டி ரிப்பேர் ஆகாமல் அந்த இடத்தில் ஒருவன் நிற்பான் என்பது அவர் கணக்கில் இல்லை. பூ பார்க்கிறேன் என்றேன். சிரித்துவிட்டார். பிறகு அவரும் குனிந்து பார்த்தார். ஆனால் பூவை இல்லை, அதன் கீழே இருந்த மண்ணை. "ஒரு மழ பேஞ்சா தேவல. மண்ணு இறுகிப் போச்சின்னா விழுது எறங்காது" என்றார்.

கடலைச் செடியின் விசித்திரம் அது. பூ மேலே பூக்கும், காய் கீழே காய்க்கும். பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசி மாதிரி ஒரு விழுது நீண்டு மண்ணைத் துளைத்து இறங்கும். மண்ணுக்குள் போன பிறகுதான் காய். நிலம் காய்ந்து கட்டியாகிவிட்டால் அத்தனை பூவும் வீண். நான் பார்த்த அதே பூவில் அந்த அம்மா இன்னும் அறுபது நாள் தள்ளி வரப்போகிற ஒரு மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார், வருமா என்று. அவர் சொன்ன பிறகு எனக்கும் அந்தப் பூ வேறு மாதிரித் தெரிந்தது. குறைந்துபோகவில்லை. கூடுதலாகத்தான் தெரிந்தது.

இந்தக் குழப்பத்துக்கு எனக்கு ஒரு வழி காட்டியது, நம்பினால் நம்புங்கள், திண்டிவனம் பக்கத்து டிராவல் கைடு ஒன்று. இன்றைக்கு வந்ததில்லை. சங்க காலத்தில் வந்தது. சிறுபாணாற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்று, 269 வரி, எழுதியவர் நத்தத்தனார். ஓய்மா நாட்டு நல்லியக்கோடன்தான் தலைவன். அவனுடைய கிடங்கில் என்கிற ஊர் இன்றைய திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கிறது. அவனுடைய எயிற்பட்டினம்தான் இன்றைய மரக்காணம் என்கிறார்கள் அறிஞர்கள். பரிசு வாங்கித் திரும்புகிற பாணன் ஒருவன், எதிரே பசியோடு வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். அவ்வளவுதான் கதை.

வழி சொல்வதற்கு முன்னால் தன் பழைய வறுமையைச் சொல்கிறான். அடுப்படியில் குட்டி போட்ட நாய். கண் திறக்காத குட்டிகள் முட்ட, பால் இல்லாத தாய் குரைக்கிறது. கரையான் அரித்த சுவர். அந்தச் சமையற்கட்டில் பூத்திருப்பது காளான் மட்டும். குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி, உப்புகூட இல்லாமல் வேகவைத்து, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களோ என்ற வெட்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறார்கள்.

இதற்கப்புறம் சில வரிகள்தான். அதே வாயால் பூக்களைச் சொல்ல ஆரம்பிக்கிறான்! கடற்கரை வழியில் தாழை அன்னம்போலப் பூத்திருக்கும், செருந்தி தங்கமோ என்று ஏமாற்றும், முண்டகம் நீலமணி மாதிரி, புன்னை முத்து மாதிரி என்று ஒரு பட்டியல். அடுத்து முல்லை நிலத்துக்குப் போனால் அங்கே அவரை, காயா, காந்தள் என்று இன்னொரு பட்டியல். பசித்தவன் பசித்தவனிடம் பேசுகிற பேச்சு இது. என் முதல் வகை நண்பர்கள் அந்தப் பாணனிடம் போய்ச் சண்டை போட்டுப் பார்க்கட்டும்.

இரண்டாம் வகை நண்பர்களும் ரொம்பக் குஷியாக வேண்டாம். ஏனென்றால் அவன் பூவோடு நிறுத்தவில்லை. இந்தப் பூ பூத்த எயிற்பட்டினத்தில் பரதவர் இருப்பார்கள், சுட்ட மீன் கொடுப்பார்கள். வேலூருக்குப் போனால் (இது கோட்டை இருக்கிற வேலூர் இல்லை) எயினர் வீட்டில் புளி சேர்த்துச் சமைத்த சுடுசோறு, கறியோடு. ஆமூருக்குப் போனால் உழவர் வீட்டில் சோறும் நண்டும். பூவைச் சொன்ன கையோடு அந்த ஊர் மனிதர்களையும் சொல்கிறான், அவர்கள் வீட்டு அடுப்பையும் சொல்கிறான். பசித்தவனிடம் பூவைப் பேசியது தப்பாகவே படவில்லை, சோற்றையும் சேர்த்துச் சொன்னதால்.

நாம் இன்று பகிர்கிற பூப்படங்களை நினைத்துப் பாருங்கள். பூ இருக்கும், பூவுக்கு முன்னால் நாம் இருப்போம். நிலத்துக்காரர் மட்டும் இருக்க மாட்டார். சில நேரம் நம் செருப்புக் கால் அவருடைய பாத்தியில் இருக்கும்.

இத்தாலியில், உம்ப்ரியா மலைப்பகுதியில், காஸ்டெலூச்சோ என்று ஒரு கிராமம். சுமார் 1,450 மீட்டர் உயரம். ஜூன், ஜூலையில் அதன் கீழே விரிந்த சமவெளி முழுக்கச் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகப் பூக்கும். உலகமே வந்து பார்க்கிறது. கூட்டம் தாங்காமல் சீசனில் கார்களுக்குக் கட்டுப்பாடு வைத்தார்கள். அது பூந்தோட்டம் இல்லை. நம் மைசூர்ப் பருப்புக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறையாகிற ஒரு பருப்பு விளைகிற வயல். நடுவே பூக்கிற பாப்பியும் மற்றதும், கண்டிப்பாகச் சொன்னால், களை. 2016 அக்டோபர் 30-ம் தேதி பூகம்பத்தில் கிராமத்தின் பெரும்பகுதி தரைமட்டம். ரோடு போயிற்று. 2017 ஏப்ரலில் அந்த விவசாயிகள் பழுதான மலைப்பாதையில் டிராக்டர்களை வரிசையாக ஓட்டிக்கொண்டு விதைக்கப் போனார்கள். வீடு இல்லாதவர்கள் பருப்பு விதைத்தார்கள். அந்த வருஷமும் பூ வந்தது.

நம் பக்கத்துக்கே வருவோம். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விழுப்புரம் மாவட்டம் தண்ணீரில் நின்றது. அந்த மாதிரி மழைக்குப் பிறகு வருகிற மார்கழியில் ஏரிகள் ததும்பும், அல்லி பூக்கும். கார் கண்ணாடியை இறக்கினால் கண்கொள்ளாக் காட்சி. அதே மழைதான் பக்கத்து வயலில் நெல்லைச் சாய்த்து அழுக வைத்திருக்கும். அப்போது அல்லியைப் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பார்க்காமல் போனால் அந்த நெல் எழுந்துவிடாது. இறங்குங்கள், பாருங்கள். கரையில் நிற்கிற மனிதரிடம், 'உங்க நெலம் எப்படிங்க இருக்கு?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் பத்து நிமிஷம் பேசுவார். அந்தப் பத்து நிமிஷம் நம் பற்றுக் கணக்கு. கடலைப் பூவைப் பார்த்தவர்கள், அறுவடை சமயத்தில் அதே ரோட்டில் ஒரு படி கடலையைப் பேரம் பேசாமல் வாங்கலாம். டோல்கேட்டில் கேட்ட காசைக் கொடுக்கிறோம், யாரும் பேரம் பேசுவதில்லை.

இன்னொரு பூ பாக்கி இருக்கிறது. புளியம்பூ. வடமொழியில் திந்திரிணி என்றால் புளி. திந்திரிணி வனம்தான் திண்டிவனம் ஆனது என்பார்கள். புளியங்காடு என்று பெயர் வைத்த ஊரைச் சுற்றி, ரோடு அகலமானபோது சாலையோரப் புளியமரங்கள் ஏராளமாகப் போயின. அவற்றுக்குப் பதிலாக வந்ததுதான் நடுவில் அரளி. உள்ரோடுகளில் மிச்சமிருக்கிற மரங்களில் வைகாசி, ஆனியில் பூக்கும். வெளிர் மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட சின்னப் பூ, அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். வாயில் போட்டால் புளிக்கும். மரத்தடியில் யாராவது நுங்கு வெட்டிக்கொண்டிருப்பார். வண்டி ரிப்பேரா என்று அவரும் கேட்பார்.