வேறெதற்கோ எடுத்த அளவு

ஒரு விண்மீனின் ஈர்ப்பு, அதற்கு நேர் பின்னால் உள்ள இன்னொரு விண்மீனின் ஒளியை வளைத்துப் பெருக்கிக் காட்டும். இதைக் கண்ணால் காண வாய்ப்பில்லை என்று 1936-இல் ஐன்ஸ்டைன் எழுதினார். ஒரே ஒரு விண்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் சொன்னது சரிதான். இலட்சக்கணக்கான விண்மீன்களை இரவுதோறும் அளந்தால்? போலந்து வானியலாளர் போதான் பச்சின்ஸ்கி 1986-இல் அந்த வழியைக் காட்டினார். 1992-இல் சிலியின் லாஸ் கம்பனாஸ் மலையில் அதே வழியில் விண்மீன்களை அளக்கும் ‘ஓகிள்’ ஆய்வு தொடங்கியது. அடுத்த ஆண்டே அந்த ஒளிப்பெருக்கம் சிக்கியது.

அதைவிட என்னை ஆட்கொண்டது வேறொன்று. 2008 செப்டம்பரில் விருச்சிக மண்டலத்தில் மங்கலான விண்மீன் ஒன்று திடீரெனப் பொங்கி ஒளிர்ந்தது. வி 1309 என்று பெயரிட்டார்கள். ஓகிளின் பழைய பதிவுகளைத் தேடினால், பொங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அந்தப் புள்ளி அவற்றில் இருக்கிறது! ஒன்றோடொன்று ஒட்டியபடி சுமார் 1.4 நாளுக்கு ஒருமுறை சுற்றிவந்த இரட்டை விண்மீன் அது. சுற்றும் காலம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது, குறையும் வேகமும் கூடியது. முடிவில் இரண்டும் கலந்து ஒன்றாயின. இரு விண்மீன்கள் இணைவதற்கு இவ்வளவு நேரடியான சான்று அதற்குமுன் கிடைத்ததில்லை. மலைமேல் விழித்திருந்தவர்கள் தேடியது இதை அல்ல. இருந்தும் தங்களுக்கு அன்று தேவைப்படாத அந்தப் புள்ளியையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட முறை அளந்து சேமித்திருந்தார்கள். இந்த இணைவைக் காட்டி 2011-இல் வெளியான ஆய்வுக்கு அந்த அளவுகளே ஆதாரம்.