பழையது வேறு, பயனற்றது வேறு

ஒரு பொருள் பழையதாகிவிட்டது என்ற ஒரே காரணத்தால் அதனைக் கழித்துவிடுவது அறமாகுமா? இக்கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். பொருள் நம்முடையது, வேண்டுமாயின் வைத்துக்கொள்வோம், வேண்டாவிடில் எறிவோம், இதில் அறம் எங்கே வந்தது என்று கேட்பாரும் உளர். ஆயினும் மனிதனுடைய ஒழுக்கம் பெரிய சோதனைகளில் மட்டும் உருவாவதன்று. வீட்டிலுள்ள சிறு பொருள்களை அவன் நடத்தும் முறையிலும் அது உருவாகின்றது. ஆதலின் ஒரு சிறு பொருளையே எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

ரவாங் வட்டாரத்தில், தோட்டத்து வீடுகளாயினும் பட்டணத்து வீடுகளாயினும், பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மேசைக் கணினிகளை இன்றும் காணலாம். பிள்ளைகளின் படிப்புக்கென்று பெற்றோர் தவணை கட்டி வாங்கியவை அவை. ஒரு நாள் அப்பெட்டியின் உள்ளிருந்து கரகரவென்று ஓசை எழுகின்றது. சில வாரங்களில் ஓசை அடங்குகின்றது. ஆனால் கணினி மந்தமாகின்றது. பின்னர்க் கால்மணி நேரம் ஓடியதும் தானே அணைந்துவிடுகின்றது. அப்பொழுது வீட்டார் கூறும் தீர்ப்பு யாது? "பழசாகிவிட்டது; இனி உதவாது; புதிது வாங்க வேண்டியதுதான்" என்பதே.

உண்மையில் நேர்ந்தது யாது என்பதைப் பார்ப்போம். கணினியின் மூளை எனத் தக்க செயலி, வேலை செய்யும்போது சூடாகின்றது. அச்சூட்டை ஓர் உலோகத் தகட்டுக் கட்டு வாங்கிக்கொள்கின்றது. அதன்மேல் சுழலும் உள்ளங்கை அளவான விசிறி, அதனைக் காற்றோடு அகற்றுகின்றது. மலிவான விசிறிகளில் அச்சு ஒரு சிறு குழலினுள் எண்ணெய்ப் பசையின் மேல் சுழல்வது. ஆண்டுகள் செல்லச் செல்ல அப்பசை வற்றுகின்றது, இறகுகளில் தூசி படிகின்றது, அச்சு தேய்ந்து ஓசையிடுகின்றது, முடிவில் நின்றுவிடுகின்றது. சூடு வெளியேற வழியில்லாமற் போகவே, செயலி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு முதலில் தன் வேகத்தைக் குறைக்கின்றது. அதுவும் போதாவிடில் வேலையை நிறுத்திவிடுகின்றது. நாம் முதுமை என்று எண்ணியது முதுமையன்று, மூச்சுத் திணறலே.

இக்குறையை நீக்குவது அரிய வித்தையன்று. மின்கம்பியைப் பிடுங்கி, சூடு ஆறவிட்டு, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டும். பழைய விசிறியின் அகலத்தை அளக்க வேண்டும். 80, 92, 120 மில்லிமீட்டர் என்பன வழக்கமான அளவுகள். அதன் கம்பிகள் மூன்றா நான்கா என்று எண்ண வேண்டும். மூன்றாவது கம்பி விசிறியின் வேகத்தைக் கணினிக்கு அறிவிப்பது. நான்காவது இருப்பின், அதன் வழியே கணினி அவ்வேகத்தை ஆள்வது. காற்று எப்பக்கமாகச் செல்கின்றது என்பதைக் குறித்துக்கொண்டு, தூசியைத் துடைத்து, புதியதை அதே திசையில் பொருத்த வேண்டும். தகட்டுக் கட்டையும் கழற்ற நேர்ந்தால், காய்ந்துபோன வெப்பப் பசையைத் துடைத்தெடுத்துப் புதிய பசையைப் பயறளவு இட வேண்டும். மின்வழங்கிப் பெட்டியின் உள்ளிருக்கும் விசிறி ஒன்றே இதற்கு விலக்கு. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதனுள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். அதனைத் திறவாது பெட்டியையே மாற்றுவதுதான் அறிவுடைமை. மற்றவற்றிற்கு ஒரு திருப்புளியும் ஒரு மணி நேரமும் போதும். விசிறியின் விலையோ, புதிய கணினியின் விலையோடு ஒப்பிடவும் தகாத சிறு தொகை.

ரவாங் மக்களுக்கு இவ்வுண்மை புதிதாக இருக்கக் கூடாது. 1894-ஆம் ஆண்டில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்க வேலைக்காக ரவாங்கில் மின்னாக்கிப் பொறியை நிறுவினர். மலாயாவில் மின்சாரம் பயன்பட்டதாகப் பதிவான முதல் நிகழ்ச்சி அதுவே. சுரங்கத்திற்கு ஊற்றுநீர் எப்படியோ, கணினிக்குச் சூடு அப்படி. இடைவிடாது இறைத்து வெளியேற்றினால்தான் உள்ளே வேலை நடக்கும். நீர் இறைக்கும் பொறி நின்றுவிட்டது என்பதற்காக, ஈயம் தீர்ந்துவிட்டது என்று எண்ணிச் சுரங்கத்தை மூடும் முதலாளியும் உண்டோ? நாம் கணினியின் விஷயத்தில் அப்படித்தான் செய்கின்றோம்.

நிற்க. "என் பணம், என் பொருள், எறிந்தால் யாருக்கு நட்டம்?" என்ற வினாவுக்கு விடை கூற வேண்டும். வீட்டிலிருந்து அகன்ற பொருள் உலகிலிருந்து அகன்றுவிடுவதில்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்கழிவு சேர்ந்தது என்றும், அதில் நூற்றுக்கு 22 பங்குக்குச் சற்று மேற்பட்டதே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவாயிற்று என்றும் ஐக்கிய நாடுகள் நிறுவனங்களின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. எஞ்சியவற்றில் ஒரு பகுதி, ஏழை மக்கள் வாழும் இடங்களில் உடைபடுகின்றது; செம்புக்காகக் கம்பிகள் திறந்த வெளியில் எரிகின்றன. ஈயமும் பாதரசமும் மண்ணிலும் நீரிலும் கலக்கின்றன. அப்புகையை உண்பவன் நம் கணினியில் ஒரு வரியும் எழுதியவனல்லன். அந்நிய நாட்டு மின்கழிவு கிள்ளான் துறைமுகத்தில் பிடிபட்ட செய்திகளைப் படித்து நாம் சினம் கொள்கின்றோம். நம் வீட்டுக் கழிவும் இன்னொருவனுக்கு அந்நியக் கழிவே என்பதை நினைப்பதில்லை.

நான் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. எங்கள் ஏட்டில் தேய்மானம் என்றொரு கணக்கு உண்டு. ஒவ்வோர் ஆண்டும் பொறியின் மதிப்பில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே வருவோம். சில ஆண்டுகளில் அதன் மதிப்பு ஒரு வெள்ளி என்று ஏட்டில் நிற்கும். பொறியோ பக்கத்து அறையில் முன்போலவே வேலை செய்துகொண்டிருக்கும். ஏடு பொய் சொல்லவில்லை. அது விலையைச் சொல்லுகின்றது. பயனைச் சொல்ல ஏட்டில் இடமில்லை. அவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே நம் காலத்தின் பெரும் பிழை.

அப்பிழை பொருள்களோடு நிற்பதன்று. 1932-ஆம் ஆண்டு, உலகெங்கும் வாணிபம் மந்தமாயிருந்த காலத்தில், நியூயார்க்கில் பெர்னார்ட் லண்டன் என்பவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஒவ்வொரு பொருளுக்கும் அரசாங்கம் ஆயுள் குறிக்க வேண்டும். ஆயுள் முடிந்ததும், நன்றாக இருப்பினும், அதனை ஒப்படைத்து அழித்துவிட வேண்டும். அப்பொழுது மக்கள் புதியது வாங்குவர், தொழில் செழிக்கும் என்பது அவர் யோசனை. அதே ஆண்டுகளில் மலாயாவில் நிகழ்ந்தது யாது? ரப்பர் விலை வீழ்ந்ததும், காட்டை அழித்துத் தோட்டமாக்கிய தமிழர் பல பதினாயிரவர், வேலையில்லை என்று கப்பலேற்றப்பட்டனர். பின்னாளில் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறியபோதும், பரம்பரையாக உழைத்த குடும்பங்கள் லயத்து வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர்கள் கைகளில் வலு தீர்ந்துவிட்டதா? இல்லை. ஏட்டில் அவர்கள் மதிப்பு தீர்ந்துவிட்டது. குறை எங்கே என்று பாராமல் முழுவதையும் கழித்துவிடும் பழக்கம் எவ்வளவு கொடியது என்பதை மற்றெவரினும் நாமே நன்கறிவோம். அறிந்த நாமே அப்பழக்கத்தை வீட்டில் வளர்க்கலாமா?

இங்கே சீர்திருத்த அன்பர்கள் ஒரு தடை எழுப்பக்கூடும். "பழைய வழக்கங்களை ஒழிக்கப் புறப்பட்ட நாம் பழைய பொருளைப் போற்றுவதா?" என்பர். நாம் தீண்டாமையை எதிர்ப்பது அது பழையது என்பதற்காகவா? இல்லை, மனிதனை இழிவுபடுத்துகின்றது என்பதற்காக. நேற்றுத் தோன்றிய வழக்கமாயினும் தீங்கு செய்யுமாயின் எதிர்ப்போம். ஆகவே வயது நமக்கு அளவுகோல் அன்று. பயனும் தீங்குமே அளவுகோல். பழையது என்பதனால் வணங்குபவனும், பழையது என்பதனால் எறிபவனும், ஆராயாமல் முடிவு செய்வதில் ஒரே குலத்தவர். ஆயுத பூசையன்று கணினிக்குச் சந்தனப் பொட்டிடும் நாம், அதன் விசிறியில் படிந்த தூசியை ஆண்டு முழுவதும் துடைப்பதில்லை. துடைத்திருப்போமாயின் அதுவே அதற்குச் சிறந்த பூசை.

எல்லாப் பழையதையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் கூறவில்லை. தாய்ப்பலகை கருகியிருக்கலாம், உதிரிப் பொருள் கிடைக்காமற் போகலாம். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோவதும் உண்டு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. அதற்கும் லினக்ஸ் போன்ற இலவச மாற்று வழிகள் உள்ளன. அவையும் பொருந்தாத இடத்தில், முறையாகச் சேகரிக்கும் நிலையத்திற்கு அனுப்புவதே கடமை. பழுதுபார்க்க இடந்தர வேண்டியது உற்பத்தி செய்வோரின் பொறுப்பு என்பதையும் மறுக்கவில்லை. அதன் பொருட்டு ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் சட்டமே இயற்றியுள்ளது. சட்டம் வரும்வரை நம் கை சும்மா இருக்க வேண்டுவதில்லை.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடியிருந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். ஒரு கைப்பேசியைச் சுற்றி மூன்று பிள்ளைகள் பாடத்திற்குக் காத்திருந்த வீடுகள் நம்மவருள் எத்தனை! ஒரு விசிறி நின்றதற்காகப் பட்டணத்தில் எறிந்த ஒரு பெட்டி, தோட்டத்தில் ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடமாகி இருக்கும்.

ஆதலின் அன்பர்களே, தீர்ப்புக்கு முன் விசாரணை வேண்டும். பெட்டியைத் திறந்து பார்ப்போம், குறை எது என்று காண்போம், தீருமாயின் தீர்ப்போம், நமக்கு வேண்டாவிடில், செம்மை செய்து வேண்டுவோர்க்கு அளிப்போம். நம் இளைஞர் மன்றங்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்புளியோடு கூடி இத்தொண்டைச் செய்யுமாயின், அங்கே பிள்ளைகள் கற்பது விசிறி மாற்றும் தொழில் மட்டுமன்று. ஒன்றைப் பயனற்றது என்று சொல்லுமுன் அதனை உற்றுநோக்க வேண்டும் என்ற நீதியையும் கற்பர்.