பாலுவும் மேரியும் போட்ட சண்டை

வேலையின்றித் திண்டாடும் பாலுவும், தகப்பனார் பட்ட கடனைக் காட்டித் தன்னை மணக்கத் துடிக்கும் டேவிடிடமிருந்து தப்ப வழிதேடும் மேரியும், பட்டதாரித் தம்பதிகளுக்கே ஆசிரியர் உத்தியோகம் என்ற ஒரு ஜமீன்தாரின் விளம்பரத்தைக் கண்டு, வேறு உபாயம் தோன்றாமல், கணவன் மனைவியாக வேஷமிட்டு அவருடைய ஊருக்கு வந்து சேருவதுதான் 1955 பொங்கலுக்கு வெளியான 'மிஸ்ஸியம்மா'வின் கதை. ரவீந்திரநாத் மைத்ராவின் வங்காள நாடகத்தை மூலமாகக் கொண்டு எல். வி. பிரசாத் எடுத்த படம். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் நடித்தது. புதுமணத் தம்பதிகளை வைத்துச் சிரிக்கவைத்த படங்கள் நம்மிடம் அநேகம் உண்டெனினும், மணமே ஆகாத இருவரைக் கொண்டு மணவாழ்க்கையின் முதல் நாட்களை இத்தனை சூட்சுமமாகக் காட்டிய படம் வேறொன்று என் பார்வைக்கு அகப்படவில்லை.

ஊரார் முன்னிலையில் அவ்விருவரும் நடித்தது அன்பு. தனித்திருக்கையில் நடிக்காமலே வந்தது சச்சரவு. ஜமுனா ஏற்ற ஜமீன்தார் மகளுக்குப் பாலு சங்கீதம் சொல்லித்தர உட்கார்ந்தால் மேரிக்குக் கடுகடுப்பு ஏறுகிறதே, அதற்கு அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கையில் ஏது இடம்? அவன் யாரோ என்றால் அந்தக் கோபத்துக்கு முகாந்தரமே இல்லை. கோபித்துக்கொண்ட பிறகுதான் அவளுக்கே தன் மனம் தெரியவருகிறது. 1934-இல் ஃப்ராங்க் காப்ரா எடுத்த 'இட் ஹாப்பண்ட் ஒன் நைட்' என்ற அமெரிக்கப் படத்திலும், வீட்டைவிட்டு ஓடிவந்த செல்வந்தர் மகளைத் தேடித் துப்பறிவோர் அறைக்குள் நுழையும்போது, அவளும் உடன் தங்கிய பத்திரிகைக்காரனும் புருஷன் பெண்சாதிபோல ஒருவர்மேல் ஒருவர் எரிந்துவிழ, வந்தவர்கள் சந்தேகம் தெளிந்து போய்விடுகிறார்கள். கொஞ்சிக் குலாவியிருந்தால் பிடிபட்டிருப்பார்கள்.

இதற்காக நாம் அமெரிக்காவரை போகவேண்டியதில்லை. வள்ளுவர் தம் நூலை முடிப்பதே ஊடலுவகை என்னும் அதிகாரத்தில்தான். உறையூரில் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டு திரும்பிய பெருமாளுக்கு, ஸ்ரீரங்கத்தில் பங்குனி உத்திரத்தன்று தாயார் சந்நிதிக் கதவு அடைபடுவதும், நம்மாழ்வார் இடையில் வந்து சமாதானம் பேசிய பிறகே திவ்விய தம்பதிகள் சேர்ந்து காட்சி தருவதும் ஆண்டுதோறும் நடக்கிற பிரணய கலகம். ஜனங்கள் இதற்குச் சொல்லும் பெயர் மட்டையடி. எங்கள் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, ஆடிப்பூர உற்சவத்தின் ஏழாம் நாள், ரங்கமன்னார் ஆண்டாள் மடியில் தலைவைத்துச் சயனித்திருக்கிறார். அந்த நிம்மதிக்கு முன்னால் இருவருக்குள்ளும் என்ன பேச்சு நடந்ததோ என்று நினைத்துப்பார்ப்பது அபசாரமாகாது என்பது என் எண்ணம்.

எங்கள் ஊரான தளவாய்புரத்தில் நைட்டி தைக்காத தெரு குறைவு. என் தெருவில் சென்ற ஆவணியில் மணமான பிள்ளைகள், மறுவீடும் விருந்தும் ஓய்கிற வரையில், காண்கிற எங்களுக்கே கூச்சமாகும்படி அத்தனை மரியாதையோடு நடந்துகொண்டார்கள். அவள் எதை வைத்தாலும் அவனுக்கு ருசி, அவன் எதைச் சொன்னாலும் அவளுக்குச் சரி. ஒருநாள் அவன் வெட்டிக்கொடுத்த துணியில் இரண்டு கையும் இடது கையாகவே இருக்கக் கண்ட அந்தப் பெண், மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து, அவற்றை அவன் மடியில் போட்டு, "இதை நீங்களே தைச்சு நீங்களே போட்டுக்கோங்க" என்றாள். "என்ன பிள்ள பேச்சு இது!" என்று மாமியார் பதறினார். அவனுக்கு முதலில் முகம் சிவந்தது. பிறகு சிரிப்பை அடக்கமாட்டாமல் துணியை முகத்தில் பொத்திக்கொண்டான். அவர்களுக்குக் கல்யாணம் அன்றுதான் ஆயிற்று என்று எனக்குப் பட்டது.

எனினும், அந்த வார்த்தை அவள் வாயில் வந்ததற்கு அவள் காலடியில் ஓடும் மிஷினும் ஒரு காரணம் என்பதை மறைப்பது நேர்மையாகாது. மேரியும் சம்பளம் வாங்குகிறவள். கடன் அடைந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடக் கூடியவள். அது பாலுவுக்கும் தெரியும். திரும்பிப் போகப் பிறந்தகத்தில் இடமில்லாத பெண் வாய் மூடியிருப்பதைப் பொறுமை என்று நாம் புகழ்ந்துவிடுகிறோம். அவள் ஊடினால் பார்த்து மகிழ ஒருவரும் இல்லை, திமிர் என்று சொல்லத்தான் ஊர் முழுவதும் உண்டு.

படத்தில் எனக்குக் குறையாகத் தோன்றுவதும் இதை ஒட்டியதே. கிறிஸ்தவப் பெண்ணாக வளர்ந்த மேரி, ஜமீன்தார் முன்பு தொலைத்த மூத்த மகள் மகாலட்சுமியே என்று முடிவில் வெளிப்படுத்தி, மத பேதம் என்ற முடிச்சை அவிழ்க்காமலே அறுத்துவிடுகிறார்கள். அன்றைய ரசிகர்களை உத்தேசித்து அப்படிச் செய்திருக்கலாம், போகட்டும். ஆனால் சம்பளம் கொடுத்த ஜமீன்தார் பெற்ற தகப்பனாகிவிட்ட பிறகு, மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற ஒரு காலையில், டீச்சரம்மாவிடம் சொல்லியிராத "மாப்பிள்ளையை அனுசரித்துப் போம்மா" என்ற புத்திமதியை அந்தப் பெரியவர் எத்தனை நாள்தான் சொல்லாமல் இருந்திருப்பார்?