யாருடைய இன்ஜின்?

1977. அமெரிக்காவின் சிகாகோவில் ஒருவர் தன் புது ஓல்ட்ஸ்மொபைல் டெல்டா 88 காரைப் பழுதுபார்க்க விடுகிறார். ஓல்ட்ஸ்மொபைலுக்கான உதிரி பாகம் அதில் பொருந்தவில்லை. பானட்டைத் திறந்து நன்றாகப் பார்த்தால், உள்ளே இருப்பது ஓல்ட்ஸ்மொபைல் இன்ஜினே இல்லை. செவ்ரலே இன்ஜின்.

இரண்டுமே ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் பிராண்டுகள். ஆனால் ஒரே ஏணியின் வேறு வேறு படிகள். கீழே செவ்ரலே, உச்சியில் காடிலாக், நடுவில் ஓல்ட்ஸ்மொபைல். வருமானம் கூடக் கூட வாடிக்கையாளர் ஒவ்வொரு படியாக ஏறவேண்டும் என்பது 1920களில் ஆல்ஃபிரட் ஸ்லோன் போட்ட கணக்கு. 1949இல் ஓல்ட்ஸ்மொபைல் 'ராக்கெட்' என்ற வி8 இன்ஜினைக் கொண்டுவந்தது. அதன் பிறகு அந்தப் பெயரின் பெருமையைச் சொல்லித்தான் கார் விற்றது. எழுபதுகளில் விற்பனை எகிறியது, சொந்த இன்ஜின் போதவில்லை. அதனால் செவ்ரலேவின் 350 கன அங்குல இன்ஜினை எடுத்து மாட்டினார்கள். வாங்கியவர்களிடம் மட்டும் சொல்லவில்லை.

இல்லினாய் மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டார், மற்ற மாநிலங்களும் சேர்ந்துகொண்டன. கடைசியில் கம்பெனி நஷ்டஈடு கொடுத்தது.

முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஓல்ட்ஸ்மொபைலிடமும் அதே 350 கன அங்குலத்தில் ஓர் இன்ஜின் இருந்தது, திறனும் கிட்டத்தட்ட அதேதான். ஓட்டியவர்களுக்கு வித்தியாசம் தெரியவே இல்லை. தெரியாத ஒன்றால் ஒருவருக்கு என்ன நஷ்டம்? கௌரவம் போச்சு என்று கோர்ட்டுக்குப் போவதா? நான் இன்ஜினியரிங் படித்தவன். வேலை செய்தால் போதும், யார் செய்தது என்பது எதற்கு என்று கேட்கத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் கார் உலகம் அப்படிக் கேட்பதில்லை. 1976இல் போர்ஷே 924 வந்தது. அதன் இன்ஜின் பிளாக் ஆடியுடையது. அதே குடும்பத்து இன்ஜின் ஃபோக்ஸ்வேகன் வேன் ஒன்றிலும் ஓடியது. யாரும் எதையும் மறைக்கவில்லை. கார் நன்றாகவே விற்றது. இருந்தும் "வேன் இன்ஜின்", "அசல் போர்ஷே இல்லை" என்ற ஏளனம் பல வருடம் அதன் கூடவே வந்தது.

மறுபக்கம் மெக்லாரன் எஃப்1. கார்டன் மர்ரே தன் கனவுக் காருக்கு இன்ஜின் கேட்டு பிஎம்டபிள்யூவிடம் போனார். பால் ரோஷ அவருக்காக 6.1 லிட்டர் வி12 ஒன்றைச் செய்துகொடுத்தார். வெப்பத்தைத் தடுக்க இன்ஜின் அறையின் உட்புறம் தங்கத்தகடு ஒட்டினார்கள். மொத்தமே 106 கார்கள். 2021இல் அதில் ஒன்று 2 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. அந்த வண்டியைப் பார்த்து "இரவல் இன்ஜின்" என்று சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள்.

இரண்டுமே இரவல்தான். ஒன்று கீழ்ப்படியிலிருந்து வந்தது, மற்றொன்று மேல்படியிலிருந்து. ஆக, கௌரவம் இன்ஜின் என்ன செய்கிறது என்று கேட்பதில்லை, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கிறது. இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. ஊர் பெயரைச் சொன்னதும் "அங்க எந்தத் தெரு?" என்று கேட்கப்பட்ட எல்லோருக்கும் தெரியும்.

அப்படியென்றால் எனக்கு ஒரு சிக்கல். பிறப்பைக் கேட்பது அற்பத்தனம் என்றால், அற்பக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்லியே ஆகவேண்டுமா? இன்ஜின் நன்றாக ஓடும்போது, செவ்ரலே என்ற பெயரை மறைத்ததில் என்ன பாவம்?

ரொம்ப நாள் யோசித்து எனக்குக் கிடைத்த பதில் இதுதான். அந்த அற்பத்தனத்தை வளர்த்தது யார்? ஏணியைக் கட்டி, ராக்கெட் இன்ஜின் வேறு ரகம் என்று விளம்பரம் செய்து, அதற்கு விலையும் வாங்கியது அதே கம்பெனி. வித்தியாசம் உண்மை என்றால் 1977இல் ஏமாற்றினார்கள். வித்தியாசமே இல்லை என்றால் அதற்கு முன்னால் அத்தனை வருடமும் ஏமாற்றினார்கள். "இன்ஜின்னா இன்ஜின்தானே சார்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அவர்கள் மட்டும் சொல்ல முடியாது. வாங்கியவரின் ஆசை முட்டாள்தனமாகவே இருக்கட்டும். அதைத் தூண்டிக் காசு பார்த்துவிட்டு, பிறகு முட்டாள்தனம் என்று சொல்லிக் கைகழுவுவது தப்பு.

இரவல் வாங்குவது இதில் குற்றமே இல்லை. புது இன்ஜின் உருவாக்குவதற்கான செலவு சின்னக் கம்பெனிகளை விழுங்கிவிடும். 2017இல் வந்த ஆஸ்டன் மார்ட்டின் டிபி11 வி8 காரில் இருப்பது மெர்சிடிஸ்-ஏஎம்ஜியின் இன்ஜின். போட்டியாளரிடம் வாங்கியதுதான். ஆனால் அதைச் சொல்லிவிட்டு விற்றார்கள். பிடித்தவர் வாங்கினார், பிடிக்காதவர் முகம் சுளித்துவிட்டுப் போனார். முகம் சுளிக்கும் உரிமையாவது அவருக்கு இருந்தது.

இதெல்லாம் ஏன் எனக்கு இவ்வளவு உறுத்துகிறது என்றும் சொல்லிவிடுகிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், எங்கள் குழு எழுதிய ஒரே மென்பொருளை ஒன்றுக்கொன்று போட்டியான இரண்டு வாடிக்கையாளர்களுக்கு விற்றார்கள். நிறமும் லோகோவும் வேறு, உள்ளே இன்ஜின் ஒன்று. "உங்களுக்காகவே முதலிலிருந்து எழுதியது" என்று இருவரிடமும் சொன்னார்கள். விலையும் அதற்கேற்ப. எனக்குத் தெரியும். தரத்தில் குறை வைக்கவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் காலில் ஒரு வாடிக்கையாளரின் இன்ஜினியர் கேட்டார். "லாக் ஃபைல்ல ஒரு பேர் வருதே, அது என்ன?" அடுத்த கம்பெனியின் சுருக்கப் பெயர். நாங்கள் அழிக்க மறந்த ஒரு வேரியபிள். சிகாகோ மெக்கானிக்கின் கையில் பொருந்தாமல் போன அதே பாகம்.

மேனேஜர் மைக்கை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான்தான் பேசினேன். "அது காமன் யுட்டிலிட்டி சார், எல்லா ப்ராஜெக்ட்லயும் இருக்கும்." பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாத வாக்கியம். அவர் "ஓகே" என்றார். அந்த "ஓகே"யில் நம்பிக்கை இருந்ததா, சலிப்பு இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வழக்குக்குப் பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் தன் விளம்பரங்களில் ஒரு குறிப்பு சேர்த்தது. இந்தக் கார்களில் கம்பெனியின் பல்வேறு பிரிவுகள் தயாரிக்கும் இன்ஜின்கள் இருக்கும் என்று. முதல் நாளே அதைச் சொல்லியிருந்தால் கொஞ்சம் கௌரவம் போயிருக்கும், அவ்வளவுதான். ஓல்ட்ஸ்மொபைலே 2004இல் மூடப்பட்டது. அதற்குக் காரணங்கள் வேறு.

நான் அன்று சாயங்காலமே அந்த வேரியபிளின் பெயரை மாற்றினேன். கமிட் மெசேஜில் என்ன எழுதினேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. 'மைனர் கிளீனப்.'