பழைய பொருளும் பழமைப் பற்றும்

பழைய பொருளை நாடுவோரெல்லாம் பழமையை நாடுவோர்தாமா என்னும் வினா, சீர்திருத்தக் கொள்கையுடையார் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே விடுத்துக்கொள்ள வேண்டியதொன்றாகும். கோலா சாவாவிலும் ரந்தாவ் வட்டாரத்துத் தோட்டங்களிலும் பிறந்து, இன்று சிரம்பான் முதலிய பட்டணங்களில் ஊதியம் பெற்று வாழும் நடுவயதினருள் சிலர், தாம் சிறுவராயிருந்த காலத்து விளையாட்டுக் கருவியாகிய ‘கேம் பாய்’ என்பதைத் தேடி வாங்கி, கழற்றித் துடைத்து, பழுது நீக்கி, மாலை வேளையில் அரைமணி நேரம் ஆடி மகிழ்கின்றனர். இதனைக் கண்டு நகைப்போர் உளர், வருந்துவோரும் உளர். நகைப்போர், “நரை தோன்றிய பின்னும் சிறுபிள்ளை விளையாட்டா?” என்பர். வருந்துவோரோ, “பழமையைக் கைவிடுக என்று மேடையேறிப் பேசியவரே பழம்பொருளைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டிருக்கலாமா? இனத்துக்கு உழைக்க வேண்டிய பொழுதை இப்படிக் கழிக்கலாமா?” என்பர். முன்னவரின் நகைப்பை விட்டுவிடலாம். பின்னவரின் வருத்தத்துக்கு விடை கூறாதிருத்தல் முறையன்று.

முதற்கண் அக்கருவியின் வரலாற்றைச் சிறிது அறிதல் நன்று. ஜப்பான் நாட்டுக் கியோட்டோ நகரத்து நின்டெண்டோ கம்பெனி 1889ஆம் ஆண்டில் விளையாட்டுச் சீட்டுச் செய்யும் தொழிலாகத் தொடங்கப் பெற்றது. 1965இல் குன்பெய் யோகோய் என்னும் இளைஞர், சீட்டு உற்பத்தி யந்திரங்களைப் பராமரிக்கும் ஊழியராக அங்கே அமர்ந்தார். வேலை ஓய்ந்த இடைநேரத்தில், நீண்டு சென்று பொருளைப் பற்றும் கைப்பிடி ஒன்றைத் தம் பொழுதுபோக்கிற்காகச் செய்தார். கம்பெனித் தலைவர் அதனைக் கண்டார். கண்டித்து விரட்டாமல், அதையே விற்பனைப் பொருளாக்கும்படி பணித்தார். 1966இல் அது ‘அல்ட்ரா ஹேண்ட்’ என்னும் பெயரோடு கடைக்கு வந்தது. பின்னொரு நாள் ரயிலில் ஒருவர் சலிப்பு மிகுதியால் கால்குலேட்டர் பொத்தான்களை அழுத்திப் பொழுது போக்கியதை யோகோய் பார்த்தார். அக்காட்சியில் தோன்றிய எண்ணமே 1980இல் ‘கேம் அண்டு வாட்ச்’ என்னும் கையடக்கக் கருவியாயிற்று. அதன் வழியில், அவர் தலைமையில் உருவான கேம் பாய் 1989 ஏப்ரலில் ஜப்பானில் வெளியாயிற்று.

அக்கருவி வெளிவந்தபோதே ஒருவகையில் பழையதாயிருந்தது என்பதை ஈண்டு நோக்குக. அதன் திரையில் வண்ணமில்லை. பச்சை படர்ந்த நான்கு சாயல்கள் மட்டுமே உண்டு. திரைக்குப் பின்னே விளக்குமில்லை. அதே காலத்தில் போட்டியாக வந்த ‘அட்டாரி லிங்ஸ்’, ‘சேகா கேம் கியர்’ ஆகியன வண்ணத்தோடும் ஒளியோடும் விளங்கின. ஆயினும் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தன. கேம் பாயோ நான்கே பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது, விலையும் குறைவு. நன்றாய் முதிர்ந்து, விலை மலிந்து, குற்றங்குறைகள் யாவும் தெரிந்துவிட்ட தொழில்நுட்பத்தையே புதிய வழியில் பயன்படுத்த வேண்டும் என்பது யோகோயின் கொள்கை. அக்கருவியும் அதன் பின் வந்த வண்ணத்திரைக் கருவியுமாகச் சேர்ந்து 11 கோடியே 80 இலட்சத்துக்கு மேல் விற்றன.

இதனால் விளங்குவது யாது? யோகோய் பழையதைப் பூசை செய்யவில்லை. பயன் கண்டு எடுத்துக்கொண்டார். நாமும் பழமையை எதிர்ப்பது அது பழையது என்னும் காரணத்தாலன்று. சாதியை வெறுப்பது அதன் வயதுக்காகவா? மனிதனை மனிதன் தாழ்த்துவதற்கு அது கருவியாயிருப்பதால் வெறுக்கிறோம். அது நேற்றுத் தோன்றியிருப்பினும் வெறுப்போம். ஒரு பொருளைப் பழையது என்பதற்காகப் போற்றுவது மூடநம்பிக்கையாயின், பழையது என்பதற்காகவே குப்பையில் எறிவதும் மற்றொரு மூடநம்பிக்கையே. புதியதையே வணங்கும் பக்தனுக்குக் கடைக்காரன் பூசாரியாகிறான். ஆதலின் கேட்க வேண்டிய கேள்வி பொருளின் வயதைப் பற்றியதன்று. அதனைக் கையில் எடுப்பவன் அதற்கு எசமானனா, அடிமையா என்பதே கேள்வி.

இனி, பொழுதைப் பற்றிய குற்றச்சாட்டுக்கு வருவோம். தொழிலாளியின் ஓய்வு நேரம் யாருடையது என்னும் வழக்கு நம் தோட்டங்களில் நெடுங்காலம் நடந்த வழக்காகும். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால்வெட்டி, பால் சுமந்து திரும்பியவனுக்கு எஞ்சிய சில நாழிகையையும் தோட்டத்துக் கள்ளுக்கடை எடுத்துக்கொண்டது. அவன் பெற்ற கூலி அன்றே கைமாறிப் போயிற்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி அளிக்கவும், வெள்ளையரைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டுமென்ற வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டனர். அவர்கள் ஓய்வே வேண்டாமென்று கேட்டார்களில்லை. தம் ஓய்வு தம்முடையதாக வேண்டும், தம் சைக்கிளில் தாம் நிமிர்ந்து செல்ல வேண்டும் என்றே கேட்டனர். ஆகையால், உழைத்தவன் அரைமணி நேரம் விளையாடுவதையே குற்றமென்பது சீர்திருத்தமன்று. அது துரைமார் வழக்கு.

விளையாட்டு மனிதனைப் பிடிக்கிறதா என்பதைவிட, பிடித்தபின் விடுகிறதா என்பதே ஆராயத்தக்கது. இன்று கைத்தொலைபேசியில் ‘இலவசம்’ என்னும் பெயரோடு வரும் ஆட்டங்களுள் பலவற்றைப் பாருங்கள். வாயிலில் கட்டணமில்லை. உள்ளே சென்றபின், நாள்தோறும் வரவில்லையேல் பரிசு போய்விடும் என்கிறது. சிறிது பணம் கொடுத்தால் முன்னேறலாம் என்கிறது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கச் சொல்கிறது. இத்தகைய பெட்டிகள் சூதாட்டமே என்று 2018இல் பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம் முடிவு கூறிற்று. விளையாட்டால் வரும் கட்டுக்கடங்காப் பழக்கத்தை உலகச் சுகாதார நிறுவனமும் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது; அப்பட்டியல் 2022 முதல் நடைமுறையில் உள்ளது.

இந்த ஏற்பாடு நம்மவர்க்குப் புதியதன்று. கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்தான். கப்பல் செலவும் கொடுத்தான். வாங்கியவனுக்கு அதுவும் இலவசமாகவே தோன்றிற்று. கணக்கு மட்டும் முடியவில்லை. 1938இல் இந்திய அரசு கூலியாட்கள் மலாயாவுக்கு அனுப்பப்படுவதைத் தடை செய்தபின் அந்த ஆள்கட்டு முறை ஓய்ந்தது. தோட்டத்தில் ஓய்ந்த அம்முறை, நம் பேரப்பிள்ளைகளின் உள்ளங்கையில் வேறு வேடம் பூண்டு வருமாயின் நாம் பேசாதிருக்கலாகாது.

கேம் பாய்க்குக் கணக்கு முடிந்துவிட்டது. ஒருமுறை விலை கொடுத்தோம், கேசட்டைச் செருகினோம், ஆடினோம், விசையை அணைத்தோம். நாம் எத்தனை நாழிகை ஆடினோம் என்று எவனும் எழுதி வைப்பதில்லை. நாளை வா என்று அழைப்பதுமில்லை. “டெட்ரிஸ் ஆட்டம் மட்டும் மனத்தை இழுக்கவில்லையா?” என்று வினவலாம். இழுக்கும். 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் ஆக்கிய அவ்வாட்டத்தில் தூக்கம் மறந்தவர் எண்ணற்றோர். ஆயினும் நம் தூக்கக் கேட்டால் அங்கே எவனுக்கும் வருமானமில்லை. நம் பலவீனத்தை நாமே வெல்வது ஒரு போராட்டம். அப்பலவீனத்தை நாள்தோறும் வளர்க்கவென்றே சம்பளம் பெறும் கூட்டத்தை எதிர்த்து நிற்பது வேறொரு போராட்டம். பின்னதில் ஒரு சிறுவனைத் தனியே நிறுத்திவிட்டு, “கட்டுப்பாடு இல்லையே” என்று அவனைப் பழிப்பது நீதியாகாது.

இவ்வளவு கூறியதனால் இப்பொழுதுபோக்கில் தீங்கே இல்லை என்று கொள்ளற்க. அதற்குரிய நோய்கள் இரண்டுண்டு. ஒன்று, சேர்க்கும் நோய். பிரிக்காத பெட்டியைப் பெருவிலை கொடுத்து வாங்கிக் கண்ணாடிப் பேழையில் பூட்டி வைப்பவன் விளையாடுகிறவனல்லன். விளையாடப்படாத விளையாட்டுப் பொருள், படிக்கப்படாத புத்தகம் போல்வதே.

மற்றொன்று இன்னும் கொடியது. பச்சைத்திரை மினுங்கியதும், “அந்தக் காலம் போல் வருமா! லயத்தில் எவ்வளவு இன்பமாய் வாழ்ந்தோம்!” என்னும் பெருமூச்சு எழுகிறது. உண்மையை மறத்தலாகாது. தோட்டத்துப் பிள்ளைகளுள் பெரும்பாலோர்க்குக் கேம் பாய் எட்டாக் கனியாயிருந்தது. பாசார் மாலாமில் விற்ற மலிவான கட்டை அடுக்கும் ஆட்டப்பெட்டியே அவர்கள் கைக்கு வந்தது. இரவில் குறித்த மணியோடு மின்சாரம் நின்றுபோன தோட்டங்களில், பின்விளக்கில்லாத அத்திரையைப் பார்ப்பதற்கும் ஒளி கிடையாது. கித்தா மரங்கள் வீழ்ந்து செம்பனை வந்தபோதும், தோட்டம் வீடமைப்பு நிலமானபோதும், வீடிழந்து வெளியேறியவர் நம்மவரே. அக்காலத்தில் இனியதாயிருந்தது பிள்ளைப் பருவம், லயத்து வாழ்வன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாதவன் கையில் பழைய பொருள் பழமைப் பற்றாகவே முடியும்.

அங்ஙனமாயின் இதனால் நேரும் நன்மை யாது? திருகாணியைக் கழற்றுவதில் அது தொடங்குகிறது. கம்பெனி, சாதாரணத் திருப்புளி பொருந்தாத மூவிதழ்த் தலைத் திருகாணிகளை இட்டே இக்கருவியை விற்றது. நாம் திறப்பதை அதுவும் விரும்பவில்லை. அதற்குரிய திருப்புளியைப் பெற்றுத் திறப்பவனுக்கு உள்ளே மந்திரம் எதுவுமில்லை என்பது தெளிவாகிறது. பேட்டரி கசிந்து படிந்த உப்பை வினிகர் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைக்கலாம். கேசட்டின் கரிய இணைப்புகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு பளபளப்பாக்கலாம். ஆட்ட நிலையைச் சேமிக்கும் கேசட்டுகள் பலவற்றுள் நாணயம் போன்ற சிறு பேட்டரி ஒன்றுண்டு. இருபது ஆண்டளவில் அது தீர்ந்துபோம். தீர்ந்தால் சேமித்து வைத்ததெல்லாம் அழியும். ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைப் பிடிக்கக் கற்றவன் அதனை மாற்றிவிடுகிறான்.

சிரம்பானை அடுத்த செனாவாங் முதலிய இடங்களின் மின்னணுத் தொழிற்சாலைகளில் நம் பெண்மக்கள் எத்தனையோ பேர் கண்நோக நின்று நுண்ணிய உறுப்புகளைச் செய்து தந்தனர், இன்றும் தருகின்றனர். தாய் செய்த உறுப்பின் தொழிலை மகன் அறியாதிருத்தல் நம் குறைபாடு. முத்திரையிட்ட இன்றைய கருவி அவனை உள்ளே விடுவதில்லை. பழைய கருவியோ, கெட்டுப்போனாலும் பெரிய நட்டமில்லை என்று இடங்கொடுத்து, பிழை செய்து கற்கவும் விடுகிறது. கருவியைப் பேழையில் பூட்டுவோரும், அதனைக் கண்டு வருந்துவோரும், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அண்டைவீட்டுப் பிள்ளைகளை அழைத்து, ஒரு மேசை, ஒரு திருப்புளி, ஒரு பழுதுபட்ட பெட்டி ஆகியவற்றை அவர்கள்முன் வைப்பாராயின், அது மேடைப்பேச்சு பலவற்றினும் பயன் தருவதாகும்.

ஆகவே, பழைய விளையாட்டுக் கருவிக்குத் திரும்புவோரை நாம் பழிக்க வேண்டுவதில்லை. அவர்கள் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொண்டால் போதும். இதனை அணைக்க என்னால் இயலுமா? இதனைத் திறந்து செப்பனிட எனக்குத் தெரியுமா? இதனால் நினைவுக்கு வரும் காலத்தின் துன்பத்தையும் என் பிள்ளைக்கு மறைக்காமல் சொல்வேனா? மூன்றுக்கும் ஆம் என்று கூறக்கூடியவர் தாராளமாக ஆடுக. கைத்தொலைபேசியில் வரும் புத்தம்புதிய ஆட்டத்தை எடுப்போரும் முதலிரண்டு கேள்விகளையேனும் கேட்டுப் பார்க்கட்டும்.